பக்கத்துக் கடைக்கு அனுப்பப்பட்டவன்

ஒரு டாக்டர் நம்மை இன்னொரு டாக்டரிடம் அனுப்பினால் நம் கதை முடிந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். லேசான சந்தேகமெல்லாம் இல்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற அளவுக்கு நம்பிக்கை. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் இப்படி நம்புகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

என் தொழில்தான் இதற்குக் காரணம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் வெள்ளை விரிப்பின் மேல் சம்மணம் போட்டு, முப்பது வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவன் நான். வந்த பார்ட்டியைப் பக்கத்துக் கடைக்கு அனுப்புவது எங்கள் தொழிலில் நடக்காத காரியம். மழையில் நனைந்து ஒதுங்க வந்தவரைக்கூட ஒரு கைக்குட்டையாவது வாங்க வைத்துத்தான் வெளியே விடுவோம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில குடும்பங்கள் வரும். அறுபது புடவையைப் பிரித்துப் போட்டிருப்போம். மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அந்த வீட்டு அத்தை அப்போதுதான், “இதே கலர்ல கொஞ்சம் வேற கலரா காட்டுங்களேன்” என்பார். அந்த நேரத்தில் நான் கைகூப்பி, முகத்தில் தேன் வடிய, “உங்க மனசுல இருக்குற கலரு பக்கத்துக் கடையில இருக்குதும்மா, காலையிலதான் என் கண்ணால பாத்தேன்” என்பேன். பக்கத்துக் கடையில் ஒரு கலரும் கிடையாது. இந்தக் கேஸ் தேறாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது வருஷமாக என்னைப் பார்த்துவரும் டாக்டரம்மா ஒரு வெள்ளைக் கவரை ஒட்டி என் பக்கம் நகர்த்தி, “இதை ஹார்ட் டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டணும், வியாழக்கிழமைக்குச் சொல்லியிருக்கேன்” என்றபோது, அவர் முகத்தில் தேன் வடிவது போல எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டின் முன்பகுதிதான் கிளினிக். வாசலில் செருப்பு விடும் இடம். அதைத் தாண்டினால் நாலு நாற்காலி, அதற்கு உள்ளே அவர் அறை. அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அவர் மேஜையிலிருந்து பார்த்தால் செருப்பு விடும் இடம் நேராகத் தெரியும். இந்த விவரம் முக்கியம்.

முதல் தடவை காய்ச்சலுக்குப் போனேன். நாலு நாள் காய்ச்சலை “நேத்துலேர்ந்து” என்று சொன்னேன். புகையிலை உண்டா என்றார், இல்லை என்றேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு காலில் செருப்பை மாட்டி இன்னொரு காலைத் தூக்கியபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “டாக்டர், அது வந்து, நாலு நாளா இருக்குது. புகையிலைப் பாக்கும் போடுவேன்.” ஏன் அப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பொய்தான் வருகிறது. செருப்பைப் போட்டால் உண்மை வருகிறது.

அவர் கோபப்படவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கி ஒரு மருந்தை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். அடுத்த முறை போனபோது சீட்டை எழுதி முடித்தும் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“குடுங்க டாக்டர்.”

“முதல்ல போய்ச் செருப்பைப் போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டேன்.

“இப்ப சொல்லுங்க, இன்னும் என்ன?”

அன்றும் ஒன்று இருந்தது. பாத்ரூமில் ரத்தம், மூலம். சொன்னேன். அதற்கும் சேர்த்து எழுதினார். அதிலிருந்து எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது. நாற்காலியில் ஒரு வைத்தியம், செருப்பில் ஒரு வைத்தியம். காத்திருக்கும் ஆட்களுக்குக்கூடத் தெரியும். நான் செருப்பை மாட்டினால் எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். சர்க்கரை எல்லை தாண்டியதற்கு என் அலமாரியில் இருந்த மைசூர்பாகு காரணம் என்பதும், நடைப்பயிற்சி என்று நான் சொன்னது டீக்கடை வரைக்கும்தான் என்பதும் அந்த நாலு நாற்காலிக்காரர்கள் முன்னிலையில் வெளியானவைதான்.

நானும் அவருக்கு ஒரு தடவை உண்மை சொல்லியிருக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்கள் கடைக்கு வந்தார். அரக்கில் பச்சைக் கரை போட்ட ஒரு புடவையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் புடவையை இன்னொரு தரம் விரிப்பது போலக் குனிந்து, “இது வேணாம் டாக்டர். ரெண்டு வருஷமா மடிப்பு மாத்தாம கிடந்த சரக்கு. அந்தக் கோட்டுலேயே பட்டு விட்டுப்போகும்” என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் காட்டாமல், “இந்தக் கலர் அவளுக்கு எடுக்காது” என்று சத்தமாகச் சொல்லி வேறொன்றை வாங்கிப்போனார். அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கரும்பு எங்கள் வீட்டுக்கு வரும். நானும் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன்.

இப்படிப்பட்டவர்தான் கவரை நகர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது இதுதான். ஆவணி முகூர்த்தக் கூட்டம். ஒரு வாரமாகப் படபடப்பு, நடந்தால் தலை லேசாகச் சுற்றல். திங்கள் காலை போய்ச் சொன்னேன். கையைப் பிடித்து நாடி பார்த்தவர், கடிகாரத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் விடவே இல்லை. ஈசிஜி எடுத்தார். அந்தத் தாளை வெளிச்சத்தில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

“மயக்கம் ஏதாவது போட்டுச்சா?”

“இல்லீங்க.”

போட்டிருந்தது. இரண்டு தடவை.

முதல் தடவை கடையில். வேலூரிலிருந்து வந்த பார்ட்டிக்குக் கிளிப்பச்சைப் புடவையின் முந்தியை விரித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, அந்தப் புடவை மேலேயே கன்னம் பதித்துச் சாய்ந்து கிடக்கிறேன். ஏழெட்டு முகங்கள் என்னைப் பார்க்கின்றன. எத்தனை நொடி அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. ஆனால் தொழில் புத்தி அப்போதும் விழித்திருந்தது. கன்னத்தை எடுக்காமலேயே, “பாத்தீங்களாம்மா, எவ்ளோ மெத்துன்னு இருக்குதுன்னு காட்டறேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். புடவையும் போனது. இரண்டாம் தடவை வீட்டுக் குளியலறையில். பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தேன். “சோப்பு வழுக்கிடுச்சு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் முகூர்த்த சீசனில் வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும்.

எப்படியும் செருப்பு மாட்டும்போது சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். வழக்கம் அப்படி. ஆனால் அதற்குள் கவர் வந்துவிட்டது.

“நீங்களே பாக்கலாமே டாக்டர்?”

“இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. இதுக்குன்னே படிச்சவர் பாக்கணும்.”

எனக்குத் தெரியாது என்று எங்கள் கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போய்ச் செருப்பை மாட்டினேன். அவர் வழக்கம்போலப் பேனாவை மூடாமல் காத்திருந்தார். நாலு நாற்காலியும் காத்திருந்தது.

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல டாக்டர்.”

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. கைகழுவி விட்டவரிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்? அவர் ஒரு தரம் என் காலைப் பார்த்தார், ஒரு தரம் முகத்தைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினேன். நெஞ்சில் இருந்த மயக்கச் செய்தியைவிடச் சட்டைப்பையில் இருந்த கவர்தான் அப்போது கனத்தது.

நேராக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போகும். டிக்கெட் வாங்கி, படியேறி, தங்கத்தைத் தொட்டேன், வெள்ளியைத் தொட்டேன். இறங்கியதும் சந்தேகம் வந்துவிட்டது, இருதயத்துக்கு ஒரு தடவை போதுமா? மறுபடி டிக்கெட், மறுபடி படி. மூன்றாம் தடவை போனபோது பின்னால் நின்ற அம்மா பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

“இன்னாபா, பல்லியைத் தேய்ச்சே கரைச்சிடுவ போலக்கீதே!”

“கொஞ்சம் சீரியஸ் கேஸும்மா.”

“சீரியஸா இருந்தா டாக்டராண்ட போவாம இங்க இன்னா பண்ற?”

டாக்டரே அனுப்பிவிட்டார் என்று அவரிடம் சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

அங்கிருந்து வீட்டுத் தெரு முனை மருந்துக்கடைக்கு. கடைக்கார பாய் இருபது வருஷப் பழக்கம். கவரை அவர் முன்னால் வைத்து, “பாய், வெளிச்சத்துல பிடிச்சா உள்ளே இருக்குற எழுத்து தெரியுமா?” என்றேன். அவர் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“தெரியுது அண்ணே.”

“இன்னா எழுதியிருக்குது?”

“மேல, கீழ, குறுக்க, எல்லாம் எழுதியிருக்குது. மடிச்சில்ல வெச்சிருக்காங்க! எழுத்து மேல எழுத்து உட்கார்ந்துக்கினு இருக்குது.”

“ஒரு வார்த்தைகூடவா படிக்க முடியல?”

“ஒண்ணு தெரியுது. ‘டோர்’னு இருக்குது. கதவு.”

கதவு! எனக்கு வியர்த்துவிட்டது. எந்தக் கதவு? யாருக்குச் சாத்தப்போகிற கதவு? அன்று நான் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, எந்த வேட்டியைப் போர்த்தினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நிதானமாக யோசித்தேன். முப்பது வருஷம் அடுத்தவருக்குத் துணி தேர்ந்தெடுத்தவனுக்கு இது ஒரு வேலையா? மயில்கண் கரையா, கத்திரிப்பூக் கரையா என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. கத்திரிப்பூக் கரையில் நான் இன்னும் கறுப்பாகத் தெரிவேன்.

சாயங்காலம் மனைவி கடைவீதிக்குக் கிளம்பினாள். அடுப்பில் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. கவரின் ஒட்டிய பக்கத்தை ஆவியில் காட்டினேன். பசை இளகி, கவர் வாயைத் திறக்கும் நேரத்தில் பின்னாலிருந்து குரல்.

“இன்னாங்க, இட்லி வேகுதா, லெட்டர் வேகுதா?”

பையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் மழுப்பப் பார்த்தேன். அவள் கவரைப் பிடுங்கிக் கடிதத்தை உருவினாள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் அவள் இலாகா. பிளஸ் டூவில் அவள் வாங்கிய மார்க்கைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் பத்து வரி அவளுக்கும் பிடிபடவில்லை. எல்லாம் மருத்துவக் குறிகள். கடைசி நாலு வரியை டாக்டரம்மா நிறுத்தி, தெளிவாக எழுதியிருந்தார். மனைவி ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள்.

“இவரை ஒன்பது வருஷமா எனக்குத் தெரியும். நல்ல மனுஷர். பயந்தவர். பயத்தை மறைக்க ஜோக் அடிப்பார், தயவுசெய்து சிரித்துவிடுங்கள். முக்கியமானதை நாற்காலியில் சொல்ல மாட்டார். கதவுக்கு வெளியே போய்ச் செருப்பை மாட்டியதும்தான் சொல்வார். அதுவரை இவர் ஃபைலை மூட வேண்டாம். இன்றும் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று நினைக்கிறேன். முடிந்ததும் எனக்குப் போன் செய்யுங்கள், இவர் திரும்ப என்னிடம்தான் வருவார்.”

கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்குப் போகிற பார்ட்டிக்கு இப்படி ஒரு கடிதம் என் ஆயுளில் நான் கொடுத்ததில்லை. ‘இந்தம்மாவுக்கு மஞ்சள் பிடிக்காது, முதல்ல மோர் கொடுங்க, கடைசியில எனக்குச் சொல்லுங்க’ என்று எந்த மடையன் எழுதிக் கொடுப்பான்? காலை பத்து மணியிலிருந்து நான் செத்துக்கொண்டிருந்ததெல்லாம் வீண் செலவு. குதிக்க வேண்டும் போல இருந்தது.

மனைவி சிரிக்கவில்லை. “இன்னா சொல்லாம வந்தீங்க?” என்றாள்.

“அது ஒண்ணும்…”

“செருப்பை எடுத்தாந்து மாட்டி விடட்டுமா?”

சொன்னேன். கிளிப்பச்சைப் புடவை, பக்கெட், பக்கத்துக் கடைக் கோபம், மூன்றையும். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தாள். “சோப்பாம், சோப்பு” என்று ஒரு தரம் சொன்னாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

நான் இரண்டு பருக்கை சோற்றை வைத்துக் கவரை ஒட்டினேன். அவசரத்திலும் ஒரு நாசூக்கு வேண்டாமா?

கிளினிக்கில் ஆறு பேர் இருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றவும் இல்லை. கழற்றினால் வாய் மூடிக்கொள்ளுமோ என்று பயம். வாசலில் நின்றபடியே, ஊருக்கே கேட்கிற மாதிரி, “டாக்டர், ரெண்டு தடவை மயக்கம் போட்டுச்சு! விழுந்துட்டேன்! நெனப்பே இல்ல!” என்றேன்.

உள்ளே ஒரு பாப்பாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டார்ச்சை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் எழுந்து வாசல்வரை வந்து நான் பார்த்ததில்லை.

“எப்போ?”

“போன செவ்வாய் ஒண்ணு. சனிக்கிழமை ஒண்ணு.”

“விழுறதுக்கு முன்னாடி கண்ணு இருட்டுச்சா, வியர்த்துச்சா?”

“ஒண்ணுமே இல்ல டாக்டர். பேசிக்கினே இருந்தேன், சாஞ்சிட்டேன்.”

“காலையில கேட்டேனே! ரெண்டு தடவை கேட்டேனே!” குரல் உயர்ந்துவிட்டது. “ஏன் சொல்லல?”

“நீங்க வேற டாக்டர்கிட்ட தள்ளிவிட்டுட்டீங்கன்னு கோவம்” என்று நான் சொல்லவில்லை, என் மனைவி சொன்னாள். பக்கத்துக் கடை விவகாரத்தையும் அவளே விளக்கினாள். நாலு நாற்காலிக்காரர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“உங்க கடையில புடவை எடுத்தா ஜாக்கெட்டு யார் தைக்கிறாங்க?”

“தையக்காரரு.”

“நீங்க அனுப்புறவருதானே?”

“ஆமா. நம்ம ஆளு. அளவெல்லாம் நானே சொல்லிவிடுவேன்.”

“அப்புறம் என்ன?”

அவர் கையை நீட்டினார். கவரைக் கொடுத்தேன். ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தார்.

“பச்சரிசியா, புழுங்கலரிசியா?”

“புழுங்கல் டாக்டர்.”

அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு. ஆனால் துடைத்துக்கொண்டே மறு கையால் போனை எடுத்துவிட்டார். ஹார்ட் டாக்டரிடம் அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது இரண்டுதான்: “வியாழக்கிழமை வேண்டாம்”, “இப்பவே அனுப்புறேன்”. பழைய கடிதத்தின் கீழேயே புதிதாக மூன்று வரி எழுதி, இந்தத் தடவை ஒட்டாமல் என் மனைவி கையில் கொடுத்தார். காருக்கும் அவரே சொன்னார். பின்சீட்டில் என்னைப் படுக்க வைக்கச் சொன்னார். ஏறும்போது நான், “டாக்டர், போய்ட்டு உங்ககிட்டதானே வரணும்?” என்று கேட்டேன். “வேற எங்க போவீங்க, படுங்க” என்றார்.

சென்னைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு முழு நாள் பார்த்தார்கள். என் இருதயம் சில சமயம் நாலு நொடி, ஒரு தடவை ஆறு நொடி, துடிக்காமல் நின்றிருக்கிறது. நான் விழுந்தது அதனால்தான். வியாழக்கிழமைவரை விட்டிருந்தால் படியிலோ ரோட்டிலோ விழுந்திருக்கலாம், எழுந்திருக்காமலும் போயிருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னார். புதன்கிழமை காலை இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவில்லை. பிறகு வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு மயக்கம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சின்ன காஞ்சிபுரம் கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வருகிறேன்.